புதுப்பிப்பு: காவடி விரதமும் தம்பியின் மெத்தடோனும்

ஹெராயினை விட்டு, அதன் ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் என்ற மருந்தைத் தினமும் குடிக்கும் என் தம்பி, தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதத்தில் மருந்தை நிறுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அம்மாவின் விருப்பம் அது.

மருத்துவரிடமே கேட்டோம். கூடவே கூடாது என்றார். சில நாள் விட்டாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுமாம். அப்புறம் பழைய அளவையே குடித்தால் மூச்சு நின்றுபோகலாம். ஏக்கம் தாங்காமல் ஹெராயினுக்குத் திரும்பினால் ஆபத்து இன்னும் அதிகம். இங்கே மொரீஷியசில் 2006 முதல் இந்த மெத்தடோன் சிகிச்சை நடக்கிறது. இன்னமும் இதையும் போதை என்றே பேசுகிறார்கள், அதுதான் எனக்கு வேதனை.

மருந்து விரதத்தைக் கெடுக்காது என்று குருக்களும் சொன்னதும் அம்மா சமாதானமானார். தம்பி தினமும் மருந்தைக் குடித்தபடியே விரதமிருந்து காவடி எடுத்தான்.

சரி, அளவை எப்போது குறைப்பது என்று சிலர் கேட்டீர்கள். அதற்கு இப்போது அவசரமே இல்லை.