ஸ்டிக்கர் மாற்றினால் போதுமா? எங்கள் குடும்பக் குழுவில் தீயணைப்பான் பேச்சு

*சத்துவாச்சாரி சித்தப்பா:* அனைவருக்கும் வணக்கம். நம் கட்டடத்தில் உள்ள ஐந்து தீயணைப்பான்களுக்கும் கெடு முடிந்துவிட்டதென்று சொல்லி ஒருவர் காலையிலேயே வந்து நிற்கிறார். ஐந்தையும் இங்கேயே அரை மணி நேரத்தில் ரீஃபில் செய்து, புதிய ஸ்டிக்கர் ஒட்டி, தீயணைப்புத் துறையிடம் காட்டச் சான்றிதழும் தருவாராம். கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் டியூஷன் சென்டர், மேலே நாங்கள் என்று இருப்பதால் தள்ளிப்போடவும் மனம் வரவில்லை. அண்ணா, ராணிப்பேட்டையில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள், என்ன செய்யட்டும்?

*ராணிப்பேட்டை பெரியப்பா:* தம்பி, பணம் எதுவும் கொடுக்காதே. அரை மணி நேரம் என்றாரே, அதிலேயே விஷயம் வெளிப்பட்டுவிட்டது. பவுடர் சிலிண்டரை முறையாகப் பராமரிப்பதென்றால், அழுத்தத்தை வெளியேற்றி, திறந்து, பவுடரைக் கொட்டி, உள்சுவரில் துரு இருக்கிறதா என்று பார்த்து, ஹைட்ரோ டெஸ்டுக்குக் காலம் வந்திருந்தால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, அதன் பிறகே புதுப் பவுடரும் நைட்ரஜனும் ஏற்ற வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அன்று. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அங்கே தொடவே முடியாது. ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பு.

*சத்துவாச்சாரி சித்தப்பா:* ஐந்து படங்களும் அனுப்பியிருக்கிறேன். நான்கு ஏபிசி பவுடர், அதாவது பல வகைத் தீக்கும் பொதுவான பவுடர் வகை. மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு, நாலரை கிலோ.

*ராணிப்பேட்டை பெரியப்பா:* மருந்துக்கடையில் இருப்பதற்கு ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தது யார்? பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அழுத்தமானியின் முள்ளே தெரியவில்லை. ஈரத்துணியால் துடைத்து, அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் ஆண்டையும் பார்த்துச் சொல்.

*சத்துவாச்சாரி சித்தப்பா:* துடைத்தாயிற்று. முள் பச்சையில்தான் நிற்கிறது. தயாரிப்பு ஆண்டு 2013. மற்ற மூன்று பவுடர்களில் இரண்டு 2019, ஒன்று 2021.

*ராணிப்பேட்டை பெரியப்பா:* முள் பச்சையில் இருந்தாலும் 2013 சிலிண்டர் கழிவுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2190 என்ற நடைமுறை நெறியின் 2010 பதிப்பில், தண்ணீர், நுரை, பவுடர் வகைகளுக்குப் பத்து ஆண்டும் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதினைந்து ஆண்டும் ஆயுள் என்று போட்டிருக்கிறது. அதே நெறியின்படி பவுடர் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், கார்பன் டை ஆக்சைடுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் ஹைட்ரோ டெஸ்ட். 2019, 2021 சிலிண்டர்களுக்கு அப்படி ஏதாவது நடந்ததாகக் காகிதம் இருக்கிறதா?

*சத்துவாச்சாரி சித்தப்பா:* ஆண்டுதோறும் ஒட்டிய ஸ்டிக்கர்கள் இருக்கின்றன, அண்ணா. ஒன்றின் மேல் ஒன்றாக.

*ராணிப்பேட்டை பெரியப்பா:* அவை ரசீதுக்குச் சமம், அவ்வளவே. எந்தத் தேதியில் எந்த எண்ணுள்ள சிலிண்டரைத் திறந்தார்கள், எவ்வளவு பவுடர் போட்டார்கள், எந்த அழுத்தத்தில் சோதித்தார்கள் என்று எழுதியிருந்தால்தான் அது பராமரிப்புப் பதிவு. அதோடு, வியாபாரி கொடுக்கும் சான்றிதழ் துறையின் சான்றிதழ் ஆகாது. இரண்டையும் கலந்து பேசுவதுதான் இவர்களுடைய பிழைப்பு.

*ஆம்பூர் அண்ணன்:* பெரியப்பா, ஒரு சந்தேகம். நம் கட்டடம் தரைத்தளமும் இரண்டு மாடியும்தான். சட்டப்படி இதற்குத் தீயணைப்பான் கட்டாயமா, அல்லது உயரமான கட்டடங்களுக்கு மட்டுமா? எங்கள் ஷூ தொழிற்சாலையில் பசை, தின்னர் எல்லாம் புழங்குவதால் ஆய்வுக்கு வருகிறார்கள். வீட்டுக் கட்டடத்துக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

*ராணிப்பேட்டை பெரியப்பா:* நல்ல கேள்வி. 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது உயரமான கட்டடம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்று, தொடர் ஆய்வு என்ற கெடுபிடியெல்லாம் அங்கேதான் அதிகம். அதற்காகச் சிறிய கட்டடத்துக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. தீத்தடுப்பு ஏற்பாடுகளைப் பார்வையிட 1985ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் துறைக்கு அதிகாரம் தருகிறது. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டடத் தொகுப்பின் நான்காம் பகுதி முழுவதும் தீப் பாதுகாப்பைப் பற்றியதுதான்; தீயணைப்பான் என்று வரும்போது அது ஐஎஸ் 2190-ஐத்தான் சுட்டுகிறது. ஐஎஸ் 2190 தனியே ஒரு சட்டமன்று. ஆனால் ஆய்வுக்கு வருகிறவரின் கையிலிருக்கும் அளவுகோல் அதுதான். நான் பணியில் இருந்த காலத்தில் நிர்வாகத்திடம் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவை எடுத்துக் காட்டுவேன்: அணைக்கும் கருவி இருந்தால் போதாது, அது வேலை செய்ய வேண்டும், தொழிலாளிக்கும் அதைக் கையாளத் தெரிய வேண்டும்.

*காட்பாடி அத்தை:* அண்ணா, முதல் மாடியில் மாலையில் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போன பிறகு, அந்த வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் கண்ணில் படும் இடங்களில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள தீயணைப்பான்கள் வைக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று சொன்னது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஆண்டுக்கு ஒரு முறை தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து செய்து காட்டினார்கள். டியூஷன் சென்டர் பள்ளியன்று என்று வாதாடலாம். எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை.

*ராணிப்பேட்டை பெரியப்பா:* எனக்கும்தான், தங்கச்சி. தம்பி, அந்த மாடி ஆசிரியரையும் மருந்துக்கடைக்காரரையும் மாதம் ஒரு முறை பார்க்கச் சொல். அதற்கு நிபுணர் வேண்டாம்: தீயணைப்பான் தன் இடத்தில் தொங்குகிறதா, முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா, சேஃப்டி பின்னும் சீலும் அப்படியே உள்ளனவா, முள் பச்சையில் நிற்கிறதா, ஹோஸில் வெடிப்போ உள்ளே பூச்சிக் கூடோ இருக்கிறதா என்று பார்த்து, தொங்கவிட்ட அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டால் முடிந்தது. மொட்டைமாடிப் படிக்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் ஒன்று வைத்திருக்கிறாயே, வேலூர் வெயிலில் அதை அங்கே விடாதே. ஒரு தளம் கீழே இறக்கி, தலைப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாதபடி மாட்டு.

*நான்:* பெரியப்பா, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அழுத்தமானியே இல்லையே. அது நிரம்பியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

*ராணிப்பேட்டை பெரியப்பா:* எடை போட்டுத்தான். உள்ளே அது திரவமாக இருப்பதால், பாதி கசிந்த பிறகும் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே காட்டும். அதனால்தான் மானி வைப்பதில்லை. நிரப்பியபோது எழுதிய மொத்த எடையைப் பார்த்து, எதிர்வீட்டு அரிசிக் கடைத் தராசில் வைத்து நிறுங்கள். ஹோஸோடு சேர்ந்த எடையா, இல்லாத எடையா என்பதையும் கவனியுங்கள்.

*சத்துவாச்சாரி சித்தப்பா:* நிறுத்தாயிற்று. ஹோஸோடு சேர்த்து 15.8 கிலோ என்று எழுதியிருக்கிறது. இப்போது தராசில் 15.0 கிலோ காட்டுகிறது.

*ராணிப்பேட்டை பெரியப்பா:* நாலரை கிலோ வாயுவில் 800 கிராம் போய்விட்டது. பத்து சதவீதம், அதாவது 450 கிராம் குறைந்தாலே திரும்ப நிரப்ப வேண்டும். வால்வு கசிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை 2016ஆம் ஆண்டு வாயு உருளை விதிகளின்படி அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கேயே ஹைட்ரோ டெஸ்டும் செய்து, தேதியைக் கழுத்தில் பொறித்துத் தருவார்கள்.

*ஆம்பூர் அண்ணன்:* படிக்கட்டுக்கு அடியில் சித்தப்பாவின் மின் ஸ்கூட்டர் சார்ஜில் நிற்பது படத்தில் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் பவுடர் ஒன்று வைத்துவிட்டால் போதுமா?

*ராணிப்பேட்டை பெரியப்பா:* போதாது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் பவுடர் மேல் சுவாலையை அடக்கலாம். உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்காது, திரும்பப் பற்றும். 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே இரவில் சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். படிக்கட்டுதான் மேல்மாடிக்காரர்களுக்கு ஒரே வழி. வண்டியை இன்றைக்கே வெளியே மாற்று. இது எந்தத் தீயணைப்பானை விடவும் அவசரம்.

*சத்துவாச்சாரி சித்தப்பா:* மாற்றிவிடுகிறேன். 2013 சிலிண்டருக்குப் பதில் புதிதாக வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

*ராணிப்பேட்டை பெரியப்பா:* கையடக்கத் தீயணைப்பான்களுக்கான தர எண்ணான ஐஎஸ் 15683-உம் ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா, நடப்பில் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். தயாரிப்பு ஆண்டு இந்த ஆண்டாக இருக்கட்டும். இரண்டு ஆண்டு கடையில் கிடந்ததை வாங்கினால் ஆயுளில் இரண்டு ஆண்டு உனக்கு நட்டம். 2019, 2021 சிலிண்டர்களை எடுத்துப் போகிறவரிடம், அவை திரும்பி வரும்வரை மாற்றுத் தீயணைப்பான் வைத்துவிட்டுப் போகச் சொல். நல்ல சர்வீஸ்காரர் மறுக்க மாட்டார். ஐஎஸ் 2190-இன் எந்தப் பதிப்பின்படி சோதித்தார் என்பதையும் சான்றில் எழுதி வாங்கு.

*காட்பாடி அத்தை:* பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

*ராணிப்பேட்டை பெரியப்பா:* அழுத்தத்தோடு போடவே கூடாது. சுத்தியலால் அடிப்பார்கள், கேஸ் வைத்து வெட்டுவார்கள். வெடித்தால் ஆள் மிஞ்ச மாட்டான். சர்வீஸ்காரர் அழுத்தத்தை இறக்கி, பவுடரை எடுத்துவிட்டு, மறுபடி யாரும் நிரப்ப முடியாதபடி உடலில் துளை போட்டுக் கொடுக்கட்டும்; பிறகு இரும்பு விலைக்குப் போகலாம்.

*சத்துவாச்சாரி சித்தப்பா:* சரி அண்ணா. வந்தவரிடம் சிலிண்டரைத் திறந்து உள்சுவரைக் காட்டச் சொன்னேன். அலுவலகத்தில் கேட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். ஸ்கூட்டர் வெளியே போய்விட்டது. புதிய சிலிண்டரின் உரிம எண்ணைக் கடையிலிருந்தே இங்கே அனுப்புகிறேன். நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கட்டுகிறேன்.