இடப்பக்கச் சிவப்பு விளக்கு எரியாத அந்த விமானம்

எனக்குச் சொந்த ஊர் பாபநாசம். அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் விமானிப் பயிற்சி பெற்ற காலத்தில் நேர்ந்த ஓர் அனுபவத்தை, இரவுப் பயிற்சியைத் தொடங்கவிருக்கும் நம் தஞ்சை, நாகைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

அன்றிரவு பயிற்றுநருடன் செஸ்னா 172 விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத அந்தச் சிறு விமான நிலையத்தை நெருங்கியபோது, வலது முன்புறத்தில் ஒரு சிவப்பு ஒளி விட்டுவிட்டு மின்னியது. மோதல் தவிர்ப்பு விளக்கு என்பது புரிந்தது. ஆனால் அந்த விமானம் எந்தத் திசையில் போகிறது என்பது புரியவில்லை, ஏனென்றால் நிலையாக எரிய வேண்டிய வண்ண விளக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

விமானத்தின் இடது இறக்கை முனையில் சிவப்பும், வலது முனையில் பச்சையும், வாலில் வெள்ளையும் எரிய வேண்டும். முன்னிருந்து பக்கவாட்டாகச் சிவப்பும் பச்சையும் தலா 110 பாகையும், பின்னால் வெள்ளை 140 பாகையும் காட்டுவதால், எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒன்று தெரிந்தே தீரும். வலப்பக்கத்தில் ஒரு சிவப்பு தெரிந்தால் அவர் நமக்குக் குறுக்கே வருகிறார், நாம்தான் வழிவிட வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேருக்கு நேர் வருகிறார், இருவருமே வலப்புறம் ஒதுங்க வேண்டும். இது எனக்குப் பாடநூலுக்கு முன்பே தெரிந்த கணக்கு. அக்கரைப்பேட்டையில் விசைப்படகு வைத்திருந்த என் நண்பனின் அப்பா, படகுக்கும் இடது சிவப்பு, வலது பச்சை, பின்னால் வெள்ளை என்று சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்.

பயிற்றுநர் வானொலியில் கேட்டபோதுதான், அந்த விமானி எங்கள் வலமிருந்து இடமாகக் குறுக்கே வருவது தெரிந்தது. வலப்புறம் திருப்பி அவருக்குப் பின்னால் கடந்தோம். கடக்கும்போது அவருடைய வால் விளக்கின் வெள்ளை ஒளி தெளிவாகத் தெரிந்தது. என் உள்ளங்கை வியர்த்திருந்தது. தரையிறங்கிய பின் பார்த்தால், அந்த விமானத்தின் இடது விளக்கில் இழை அறுந்திருந்தது. புறப்படும்போது வெயில் இருந்ததால் சுவிட்சைப் போட்டுப் பார்க்கவில்லை என்றார் அந்த விமானி.

அந்நாட்டுச் சட்டம் இதில் தெளிவானது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை நிலை விளக்குகள், அதாவது அந்தச் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள், எரிய வேண்டும். இரவில் பார்வை விதிப்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்து, பறக்க மோதல் தவிர்ப்பு விளக்கும், போதிய மின்சாரமும், மாற்று ஃபியூஸ்களும் தேவை. தரையிறங்கும் விளக்கோ வாடகைக்கு ஓட்டும்போதுதான் கட்டாயம். பறக்கும்போது மோதல் தவிர்ப்பு விளக்கு பழுதானால், சரிசெய்யக்கூடிய இடம் வரை தொடர்ந்து செல்லலாம். இங்கே பலரும் தடுமாறுவது 'இரவு' என்ற சொல்லில்தான்: விளக்குக்கு அது சூரியன் மறைந்ததுமே தொடங்குகிறது, பறத்தல் ஏட்டில் இரவு நேரம் என்று பதிய அந்தி வெளிச்சம் முடிய வேண்டும், பயணிகளை ஏற்றத் தேவையான மூன்று இரவுத் தரையிறக்கங்களோ மறைந்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்தவையாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் பார்வை விதிப்படி இரவுப் பறத்தல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி பெற்ற உள்ளூர்ப் பறத்தலுக்கும் பறத்தல் மன்றப் பயிற்சிக்குமே உண்டு.

அன்றுமுதல் நான் பகலில் புறப்பட்டாலும், மெயின் சுவிட்சைப் போட்டு, பேட்டரி இறங்குவதற்குள் விமானத்தை வேகமாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். வெயிலில் பல்பு எரிவது தெரியாது. கண்ணாடி மூடியின் மேல் இரு கைகளையும் குவித்து நிழல் கட்டிப் பார்க்க வேண்டும். வால் விளக்கை இருக்கையிலிருந்து பார்க்கவே முடியாது என்பதால் அங்கே கூடுதலாக ஒரு நொடி நிற்கிறேன்.

போன தை மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, களத்தில் வடக்கு நோக்கி நின்று திருச்சிக்கு இறங்கும் ஒரு விமானத்தை என் அக்கா மகளுக்குக் காட்டினேன். "சிவப்புதான் தெரியுது மாமா, அப்படின்னா அதோட இடப்பக்கம் நம்ம பக்கம் இருக்கு, மேற்கே போகுது" என்றாள்.