நல்ல நாற்காலி வாங்கினால் முதுகு வலி போய்விடுமா?

வேலமுத்து:
அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கம்ப்யூட்டர் வேலைக்கு எந்த நாற்காலி வாங்கலாம்?" எனக்குப் பதினாறு வருடமாகக் கணக்கு வேலை. தினம் ஒன்பது பத்து மணி நேரம் திரை முன்னால்தான் போகிறது. நான் சொன்ன பதில், நாற்காலிக்குச் செலவு செய்யாதீர்கள், எழுந்து நடங்கள் என்பதுதான்.

காரணம் இருக்கிறது. பழைய மர நாற்காலியில் அரை மணி நேரத்தில் இடுப்பு கடுக்கும், தானாக எழுந்துவிடுவேன். விலை உயர்ந்த நாற்காலி வந்ததும் மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்தேன். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்குக்கு நேரடியாக ரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் அதற்குச் சத்து ஊறிப் போகிறது. கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் இந்த இரண்டு வேலையையும் நமக்காகச் செய்யாது.

கண் சோர்வுக்கென்று விற்கும், திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் அப்படித்தான், தேவையில்லாத செலவு. 2023ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு வந்தது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

செவ்வந்தி:
எனக்கு மறுப்பு இருக்கிறது. நான் மொழிபெயர்ப்பாளர், வீட்டிலிருந்து வேலை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பேன், நடுவில் எழுந்தும் கொள்வேன். அப்படியும் இரண்டாவது வருடம் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. இரவில் கையை உதறிக்கொண்டு எழுவேன்.

மருத்துவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முழங்கையை எதன்மேல் வைத்து வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சாப்பாட்டு மேசையின் விளிம்பு! முழங்கைக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு சிவப்புக் கோடு தினமும் விழுந்திருக்கிறது, நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு முழங்கையின் உட்பக்கம் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறதாம். கையை மடக்கி விளிம்பில் ஊன்றினால் நசுங்கத்தான் செய்யும்.

நடை அதைச் சரிசெய்யவில்லை. நாற்காலியை உயர்த்தினேன், லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றினேன், தனிக் கீபோர்டு வாங்கினேன். ஆறு வாரத்தில் மரப்பு விட்டது. லேப்டாப்பில் திரையும் விசைகளும் ஒட்டியே இருக்கின்றன. திரையைக் கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கிக்கொள்ளும், கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து தொங்கும். எழுந்து நடப்பதால் இந்தக் கோளாறு தீருமா?

வேலமுத்து:
உங்கள் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் செய்தது புத்தக அடுக்கும் ஒரு கீபோர்டும்தானே, புது நாற்காலி வாங்கவில்லையே? அது என் கட்சிக்குத்தான் சாதகம்.

நடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2016ல் லான்செட் மருத்துவ இதழில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுகிறது, ஆனால் தினம் 60 முதல் 75 நிமிடம் வேகமான நடை போல மிதமான உழைப்பு இருந்தால் அந்தக் கூடுதல் அபாயம் இல்லாமல் போகிறது என்று அதில் தெரிந்தது.

செவ்வந்தி:
அந்த ஆய்வு ஆயுளைப் பற்றியது. நான் பேசுவது சுண்டு விரலைப் பற்றி. நீண்ட நாள் வாழ்வேன் என்பதற்காக விரல் மரத்துப்போனால் பரவாயில்லையா? இரண்டும் வேறு வேறு கேள்விகள், ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

மணிமாறன்:
கண் பரிசோதனை செய்வது என் தொழில், அதனால் கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீல ஒளிக் கண்ணாடி விஷயத்தில் வேலமுத்து சொன்னது சரி. ஆனால் கண் எரிச்சலுக்கு 'எழுந்து நட' என்பது பாதிப் பதில்தான்.

திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். 1993ல் ஜப்பான் மருத்துவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை, புத்தகம் படிக்கும்போது 10, திரை முன்னால் 7. அதிலும் பல இமைப்புகள் அரைகுறை, மேல் இமை முழுதாக இறங்காது. கண்ணின் கீழ்ப்பகுதியில் கண்ணீர்ப் படலம் கிழிந்து காய்கிறது, அதைத்தான் 'மண் விழுந்த மாதிரி' என்கிறோம். திரை உயரமாக இருந்தால் கண் அகலமாகத் திறந்து இன்னும் சீக்கிரம் காயும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். ஏசி காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. ஆக, இங்கே செவ்வந்தி பக்கம்தான் நிற்கிறேன்: அமைப்பும் முக்கியம்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார் என்பது நினைவில் நிற்பதற்காகச் சொன்ன கணக்கு. தூரத்தைப் பார்ப்பதுதான் விஷயம், விநாடியை எண்ண வேண்டாம்.

இன்னொன்று, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகப் போடும் புரோகிரசிவ் கண்ணாடியில் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் பகுதி கீழே இருக்கும். திரையைப் படிக்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மாதக்கணக்கில் கழுத்து வலிக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டு என்னிடம் வருவார்கள். திரையைத் தாழ்த்துங்கள், இல்லையென்றால் திரைத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி கேளுங்கள்.

இரவுப்பணி:
வேலமுத்து அண்ணா, செவ்வந்தி அக்கா, இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கட்டும். எங்களை எழ விடுவது யார்? நான் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். மவுஸ் ஐந்து நிமிடம் அசையவில்லை என்றால் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி விழும். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டிவரும் என்று தண்ணீரையே குறைத்துவிட்ட தோழி என் பக்கத்து இருக்கையில் இருக்கிறாள். நாற்காலியும் எங்களுடையது இல்லை, நேரமும் எங்களுடையது இல்லை.

ஐரோப்பாவில் 1990லேயே இதற்கு ஆணை வந்திருக்கிறது. திரை வேலைக்கு நடுவில் இடைவேளையோ வேறு வகை வேலையோ இருக்கும்படி முதலாளிதான் திட்டமிட வேண்டும், தொழிலாளிக்குக் கண் பரிசோதனைக்கு உரிமை உண்டு என்கிறது அது. ஆக, இது ஆளாளுக்கு ஒழுக்கம் சொல்லித்தரும் விஷயம் இல்லை அண்ணா, வேலையை எப்படி அமைக்கிறார்கள் என்பதுதான்.

வேலமுத்து:
தம்பி, இதை நான் யோசிக்கவில்லை. நினைத்தபோது எழுந்துபோகக்கூடிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசியிருக்கிறேன். நாற்காலி பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் 'எழுந்து நட' என்பதை எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொன்னது தவறு.

செவ்வந்தி:
தம்பி சொன்னதும் ரமாசினி ஞாபகம் வந்தது. 300 வருடத்துக்கு முன் வாழ்ந்த இத்தாலிய மருத்துவர். எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணம் எழுதினார்: ஓயாத உட்காரல், கையின் ஓயாத ஒரே அசைவு, பிழை வந்துவிடக்கூடாதே என்று மனம் படும் பாடு. அந்த மூன்றாவதை நாம் இதுவரை தொடவே இல்லை. கெடு நெருங்கும் நாட்களில் என் தோள் இரண்டும் காதுக்கு அருகில் ஏறியிருக்கும், இறக்கினால்தான் ஏறியிருந்ததே தெரியும். அந்த நாட்களில் எந்த மேசை அமைப்பும் உதவியதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மணிமாறன்:
படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, கண்ணில் திடீரென மின்னலும் கரும்புள்ளிகளும் தெரிந்தாலோ விவாதம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

வேலமுத்து:
இரவுப்பணி தம்பி, மேலாளரிடம் பேசுவதாக இருந்தால் இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் விடுவதைவிட, மணிக்கு 5 முதல் 10 நிமிடம் விடுவது நல்லது என்று பிரிட்டன் அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. இதனால் மொத்த இடைவேளை நேரம் கூடப்போவதில்லை. கணக்குப் பார்க்கிறவர்களிடம் கணக்காகவே பேசலாம்.

இரவுப்பணி:
சரி அண்ணா. எங்கள் வரிசையில் ஏழு பேர் இருக்கிறோம். தனியாகக் கேட்டால் என் பெயர் மட்டும் நிற்கும் என்பதால் ஏழு பேரும் சேர்ந்தே எழுதலாம் என்று இருக்கிறோம். வெள்ளிக்கிழமை கொடுக்கிறோம். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.