புதுப்பிப்பு: காட்பாடி வெயில்ல வாடின என் ஃப்யூஷியா பூச்செடி

ஏப்ரல்ல கேட்டிருந்தேனே, ஊட்டில வாங்கின ஃப்யூஷியா மொட்டை மாடில இலையா கொட்டுது, என்ன பண்றதுன்னு? அதோட அப்டேட் இது.

மத்தியானம் இலை தொங்குனதும் தாகம்னு நெனச்சு தண்ணி ஊத்திட்டே இருந்தேன், ஆனா அது சூட்டுல தொங்குனது, மண்ணு ஈரமாத்தான் இருந்துச்சு, தொட்டியைக் கவுத்துப் பாத்தா பாதி வேரு பழுப்பா கொழகொழன்னு கையோட வந்துடுச்சு. அழுகினதை வெட்டி, புது மண்ணுல வெச்சு, வடக்குப் பக்க வராண்டாவுக்கு மாத்துனேன். மலைக்குளிர் செடிங்க இது, 30 டிகிரி தாண்டினாலே திணறும், நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரத்துல 40-ஐத் தாண்டுது. மே கடைசில தாய்ச்செடி போயிடுச்சு. ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆனா அதுக்கு முன்னாடியே பூ வராத இளசு நுனியா பாத்து, நாலு விரல் நீளத்துக்கு கணுவுக்குக் கீழ வெட்டி நிழல்ல நட்டதுல ரெண்டு வேர் பிடிச்சுது! ஒண்ணு ஏலகிரில அத்தை வீட்டுக்குப் போச்சு, அங்க 1000 மீட்டருக்கு மேல உயரம், குளுகுளுன்னு இருக்கும். நேத்து போட்டோ அனுப்புனாங்க, வெளிய செவப்பு, உள்ள ஊதா, ஜிமிக்கி மாதிரி தலைகீழா தொங்குது. இன்னொண்ணு இங்கயே இருக்கு, பக்கக்கிளை வரட்டும்னு நுனி கிள்ளி விட்டிருக்கேன். விரலை விட்டுப் பாத்து மேல்மண்ணு காஞ்சாதான் தண்ணி. மார்கழில பூத்தா போட்டோ போடறேன்.