2030 குறிஞ்சிப் பருவத்திற்கு எவ்வாறு ஆயத்தமாவது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விடுதியை நடத்தி வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்ததால், அடுத்த பூப்பை 2030-இல் எதிர்பார்க்கிறோம். இப்போதே என்ன அவசரம் என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் பெருமாள்மலையில் ஒன்றாகிவிடுவதால், வழக்கமான கோடை விடுமுறையிலேயே வண்டிகள் நகராமல் நிற்பதைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

2018-இல் இங்கு கடை, விடுதி, வாடகை வண்டி நடத்தியவர்கள், தண்ணீரையும் கழிப்பறையையும் குப்பையையும் எவ்வாறு சமாளித்தீர்கள், முன்பதிவை எத்தனை மாதங்களுக்கு முன்பு தொடங்கினீர்கள் என்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும். வெளியூர் வண்டிகள் கொடைக்கானலுக்கு வர இணையவழியில் எடுக்கவேண்டிய அனுமதிச்சீட்டான இ-பாஸ் அப்போது கிடையாது. 2024 மே மாதம் அது வந்தபின், பாஸ் எடுக்காமல் புறப்பட்டுவிட்டுச் சோதனைச் சாவடியிலிருந்து அழைக்கும் விருந்தினரைக் கையாளும் வழியையும் சொல்லுங்கள்.

எனக்கு முதன்மையான கவலை வேறு. ஒருமுறை பூத்து விதை உதிர்த்ததும் செடி மடிந்துவிடும் என்பதால், கொத்துக் கொத்தாகப் பறிக்கப்படும் பூக்களோடு அடுத்த தலைமுறைக்கான விதையும் போய்விடுகிறது. இதை விருந்தினர் மனம் கோணாமல் எடுத்துரைக்கும் அறிவிப்புப் பலகை வாசகம் எவரிடமேனும் இருந்தால், அன்புகூர்ந்து பகிருங்கள்.