அல்சைமர் வந்த வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு யார் படியளப்பது? குமரி மாவட்ட அனுபவங்கள்

தக்கலைக்காரன்

மாத்திரை, வல்லாரை, மந்திரித்த கயிறு எல்லாம் இங்கே வேண்டாம். பணத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். வீட்டில் மறதி நோய்க்காரர் ஒருவர் இருந்தால் எவ்வளவு போகிறது, யார் கொடுக்கிறார்கள், அரசாங்கத்திடம் கேட்டுப் போனபோது என்ன நடந்தது? கலெக்டர் ஆபீசில் ஒரு மனு கொடுக்கலாம் என்று சிலர் பேசிவைத்திருக்கிறோம். அதற்கு வெறும் புலம்பல் போதாது, நடந்தது நடந்தபடி வேண்டும்.

முதலில் என் வீட்டுக் கதை. அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. ரப்பர் பால் வெட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். இப்போதும் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பித் தலையில் கட்டுகிற லைட்டைத் தேடுவார். கத்தியை நாங்கள் ஒளித்துவிட்டதால், ஸ்பூனை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் நிற்கிற பலாவில் கோடு போடுவார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் அந்தச் சாய்வு இன்னும் துளி பிசகவில்லை. அப்புறம் பால் பிடிக்கிற சிரட்டையைக் காணோம் என்று அம்மாவிடம் சண்டை. அந்த நேரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு அவர் பின்னால் நடப்பது அம்மாதான். அம்மாவுக்கும் வயது எழுபத்தெட்டு.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம் என்று போனோம். கை கால் அசைகிறதா, நடக்கிறாரா என்று பார்க்கிற இடத்தில் அப்பா எங்களை எல்லாம் முந்திக்கொண்டு நடந்தார். நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அங்கே போனால் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். பந்தாடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. நாட்பட்ட நரம்பியல் நோய்களுக்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கின்சன் பெயர் இருக்கிறது, அல்சைமர் பெயர் இல்லை. ஆனால் மனநோய் என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்திலேயே நினைவாற்றல் கெடுவதும் இடம், காலம் தெரியாமல் போவதும் வருகின்றன. இதை நாமாகப் படித்துப் போய்ச் சொன்ன பிறகுதான் மதிப்பீடு செய்ய ஒத்துக்கொண்டார்கள்.

முதலமைச்சர் யார் என்று கேட்டார் அங்கிருந்த இளம் டாக்டர். அப்பா யோசிக்கவே இல்லை, “பட்டம் தாணுபிள்ளை” என்றார். வேறு மாவட்டத்துப் பையன் அவர், அப்படி ஒரு பெயரே கேள்விப்பட்டதில்லை. இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது, 1954-ல், அவர்தான் முதலமைச்சர் என்று நான் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். அட்டை வந்தது. உதவித்தொகை மனு இன்னும் பரிசீலனையில்.

அதெல்லாம் அப்பாவுக்கு. அம்மா டார்ச் அடிப்பதற்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் கிடையாது.

குலசேகரம் மகள்

நான் குவைத்தில் நர்ஸாக இருந்தேன். அம்மாவுக்கு இப்படி ஆனதும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அண்ணன் துபாயில், மைனி, அதாவது அண்ணி, பிள்ளைகளின் படிப்புக்காக நாகர்கோவிலில். யார் வருவது என்று யாரும் கூடிப் பேசவே இல்லை. மகள்தானே, வந்துவிடுவாள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள், நானும் வந்துவிட்டேன். அண்ணனைக் குறை சொல்லவில்லை, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். ஆனால் எனக்குப் போன சம்பளம் எந்தக் கணக்கிலும் வராது.

இடையில் ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம். மாதம் 22,000 ரூபாய், சாப்பாடு தனி. அம்மா தன் செயினைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, அந்தப் பெண் எடுத்துவிட்டாள் என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார். நோய் அப்படித்தான் பேச வைக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டு நாள் பயிற்சிகூட இல்லாமல் அனுப்பிவைக்கிறார்கள். அழுதுகொண்டே பஸ் ஏறிப் போனாள். அதற்கப்புறம் ஏஜென்சிக்காரர் போனை எடுப்பதில்லை. இப்போது திருட்டுப் பட்டம் எனக்கு. “நீ யாருக்க பிள்ள மக்களே, எனக்க செயின எடுத்தியா?” என்று அன்பாகத்தான் கேட்பார், அதுதான் கொடுமை.

ஆராய்ச்சிப் பணம் நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. நினைவாற்றல் சோதனைக்கு அம்மாவைத் திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போனோம். நம் மாவட்டத்தில் பாதிப் பேர் பெரிய நோய் என்றால் அங்கேதானே ஓடுகிறோம். சோதனை மலையாளத்தில் நடந்தது. அம்மாவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும், ஆனால் ஒரு வார்த்தை தமிழ், ஒரு வார்த்தை மலையாளம் என்று கலந்துதான் வரும். எதற்கு மார்க் போடுவது என்று சோதித்தவருக்கே குழப்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டு ஆட்களுக்கென்றே, படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி, ஒரு சோதனைத் தொகுப்பைத் தயாரித்தது. முதலில் அது வந்தது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில். தமிழ் அதில் இல்லை. ஒரு கேள்வித்தாளை நம் பேச்சில் எழுதி, நம் ஊர்க் கிழவிகளிடம் கேட்டுச் சரிபார்ப்பதும் ஆராய்ச்சிதான். அதற்கும் யாராவது பணம் கொடுக்க வேண்டும்.

நேரே சொல்பவன்

கோபப்பட வேண்டாம். வயசானால் மறதி வரத்தான் செய்யும். பெற்ற பிள்ளைகள் பார்ப்பதற்கும் அரசாங்கம் காசு கொடுக்க வேண்டுமா? கடல் அரித்து வீடு போனவர்களுக்கே இங்கே ஒன்றும் வந்த பாடில்லை.

குலசேகரம் மகள்

உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள் அண்ணா? நீங்களா, உங்கள் வீட்டம்மாவா?

களியக்காவிளை

என் தங்கையைக் கேரள எல்லைக்குள் இருக்கிற பாறசாலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நடந்தே போகலாம் என்கிற தூரம்தான். அவள் மாமியாருக்கும் இதே நோய், இப்போது படுத்த படுக்கை. எங்கள் பெரியம்மாவும் இந்தப் பக்கம் அதே நிலைமையில் கிடக்கிறார். அதனால் இரண்டு அரசாங்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிற பாக்கியம் எனக்கு.

கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ என்று ஒரு திட்டம் உண்டு. படுக்கையில் கிடப்பவரை முழு நேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். நோயாளிக்கு இல்லை, பார்த்துக்கொள்பவருக்கு. 600 ரூபாய் டயபருக்கே காணாது, அது வேறு விஷயம். அங்கே 2008 முதல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்று அரசுக் கொள்கை இருக்கிறது, பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கே வந்து படுக்கைப்புண்ணைப் பார்த்துக் கட்டுப் போடுகிறார். 2014-ல் மறதி நோய்க்கென்று மாநில அளவில் தனித் திட்டம் தொடங்கினார்கள், ‘ஓர்மத்தோணி’ என்று இன்னொன்றும் பிறகு வந்தது. இந்தியாவில் அல்சைமர் குடும்பங்களுக்காக ஒரு சங்கம் முதன்முதலில் கொச்சியில்தான் 1992-ல் உருவானது, அதன் தொடர்ச்சிதான் இதெல்லாம் என்று நினைக்கிறேன். கேட்க ஆள் இருந்தது, கிடைத்தது.

இந்தப் பக்கம் பெரியம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. 2023-ல் 1,000-லிருந்து ஏற்றினார்கள். இதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயது வரை 200 ரூபாய், அதற்கு மேல் 500. அது பெரியம்மாவுக்கு மறதி நோய் இருப்பதால் வருவது அல்ல, வயதாகிவிட்டதால் வருவது.

ஓய்வுபெற்ற நர்ஸ், கருங்கல்

ஒரேயடியாக ஒன்றும் இல்லை என்று சொல்வது நியாயமில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், பிசியோதெரபி உண்டு, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. 14567-ல் முதியோர் உதவி எண், 14416-ல் மனநல ஆலோசனை. இரண்டாவது எண்ணை நோயாளிக்காக இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்பவருக்காக எழுதி வையுங்கள்.

எழுபது வயதுக்கு மேல் எல்லோருக்கும் 5 லட்சம் காப்பீடு என்று 2024 அக்டோபரில் வந்ததே, அதைப் பலரும் என்னிடம் கேட்டார்கள். அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். அல்சைமர்காரர் எங்கே படுக்கிறார்? பத்து வருஷம் வீட்டைச் சுற்றி நடக்கிறார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கார்டு உதவும். விழாமல் இரவெல்லாம் பிடித்துக்கொண்டு இருந்தவருக்கு அது உதவாது.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்குப் பிரஷர் பார்க்கப் போவேன். மாமனாருக்கு மறதி நோய். ஒருநாள் மருமகளுக்கும் பார்க்கலாம் என்று கையைக் கேட்டேன், தர மாட்டேன் என்றாள். வற்புறுத்திச் சேலையை விலக்கினால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நகக் கீறல்கள். சில காய்ந்தவை, சில அன்றைக்குக் காலையில் பட்டவை. குளிப்பாட்டும்போது அவர் பயந்துபோய்ப் பிறாண்டுவாராம். ‘மாமாவைத் தப்பாக நினைக்காதீங்க சிஸ்டர்’ என்றாள். பிரஷர் 170-க்கு மேல். மாத்திரை மாமனாருக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. நான் சேர்த்தேன், அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. பகல் நேரத்தில் நாலு மணி நேரம் கொண்டுபோய் விடுகிற மாதிரி வட்டாரத்துக்கு ஓர் இடம் இருந்திருந்தால் அந்தப் பெண் தூங்கியிருப்பாள். மனுவில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மருந்துக்கடை, நாகர்கோவில்

பராமரிப்புக்கா ஆராய்ச்சிக்கா என்று சண்டை போட வேண்டியதில்லை என்பது என் கட்சி. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் அல்சைமருக்கென்று தேசியத் திட்டச் சட்டம் போட்டார்கள். அப்போது அரசு ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவில்தான் போய்க்கொண்டிருந்தது, இப்போது 380 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. குடும்பத்தினர் போய் நாடாளுமன்றக் குழுக்கள் முன்னால் உட்கார்ந்து தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லி வாங்கிய பணம் அது. அங்கேயும் பார்த்துக்கொள்பவருக்குக் கடைசியில்தான் கண் திறந்தார்கள். 2024 ஜூலையில் மெடிகேரில், அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீட்டில், தொடங்கிய சோதனைத் திட்டத்தில்தான், அவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று மாற்று ஆள் வைக்க ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வந்தது.

2023-ல் அங்கே அனுமதி பெற்ற லெக்கானெமாப் ஊசியைப் பற்றி என் கடையில் கேட்காத ஆள் இல்லை. அது குணமாக்காது. நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதற்கும் மூளையில் அமிலாய்டு என்கிற புரதம் படிந்திருக்கிறதா என்று பெட் ஸ்கேன் அல்லது முதுகுத்தண்டு நீர்ச் சோதனை வேண்டும், மூளை வீங்குகிறதா, ரத்தம் கசிகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அதை நம்பி நிலத்தை விற்க வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (அல்சைமர் உட்பட்ட மறதி நோய்கள்) என்று 2023-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். எய்ம்ஸ் டாக்டர்கள் சேர்ந்து நடத்திய நல்ல ஆய்வு. பணம் அமெரிக்க அரசின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் கொடுத்தது. நம் ஆச்சிகளை எண்ணிப் பார்க்கவே வேற்று நாட்டு வரிப்பணம் வேண்டியிருந்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் கிராமத்தாரைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்க்கிறது. அதற்குப் பெரும் கை கொடுத்தவர் இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன், தன் அறக்கட்டளை வழியாக. கொடுத்தவரை வாழ்த்துகிறேன். ஆனால் ஒரு பணக்காரர் மனம் வைத்தால்தான் நடக்கும் என்றால் அதற்குப் பெயர் பொது நிதி இல்லை.

பேங்க் ஆள்

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2026 மார்ச் வரை நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவுக்கான விதிகளில் டிமென்ஷியா பெயர் சொல்லியே இருந்தது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று நரம்பியல் நிபுணர் சான்று கொடுத்தால், மூத்த குடிமகனுக்குச் செய்த செலவில் ஒரு லட்சம் வரை கழிக்க முடிந்தது. பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். எங்கள் கிளையில் இதைத் தெரிந்து பயன்படுத்தியவர் ஒருவர்தான், அவரும் ஆடிட்டர்.

நேரே சொல்பவன்

குலசேகரம் தங்கச்சி கேட்டது சரி. என் அம்மாவை என் வீட்டுக்காரிதான் பார்த்தாள், கடைசி வரைக்கும். மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். கடல் அரிப்புக்கும் ஒரு வரி சேருங்கள்.

தக்கலைக்காரன்

கடல் அரிப்புக்குத் தனி மனு போடுவோம், இரண்டையும் கலந்தால் இரண்டும் போய்விடும்.

சரி, மனுவில் வருவது இவ்வளவுதான். 2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவில், அதிக உதவி தேவைப்படுகிற மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறது, அதில் மறதி நோய்க்காரர்களைச் சேர்க்கக் கேட்கிறோம். அடுத்தது, நர்ஸ் அக்கா சொன்ன பகல் நேர மையம், முதலில் தாலுகாவுக்கு ஒன்று. மதிப்பீட்டுக்குப் போகிறவர்களை இரண்டு துறைக்கும் அலையவிடாமல் ஒரே நாளில் முடிப்பது மூன்றாவது. ஆராய்ச்சி பற்றிய பத்தியை மருந்துக்கடைக்காரர் எழுதித் தருகிறார், அது சென்னைக்கும் டெல்லிக்கும் போகும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பத்து மணிக்கு முன்பே கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருக்க வேண்டும். சான்றிதழ், டாக்டர் சீட்டு நகல்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை, அதிகாரி அவர் வாயால் கேட்கட்டும். ஆனால் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், கருங்கல்

நான் ஏழரை மணிக்கே வந்துவிடுகிறேன் தம்பி. என்ன சாப்பிடுவார், எதைச் சொன்னால் கோபம் வரும் என்று மட்டும் எழுதி வையுங்கள். சிரட்டை எங்கே இருக்கிறது என்பதையும்.