அப்பா எடுத்த வீடியோக்களை விசேஷவாரியாகத் தானாகப் பிரிக்க வழி உண்டா?

வில்லாபுரத்துக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். விவரம் முழுசாகச் சொன்னால்தான் நீங்கள் யோசனை சொல்லத் தோதாக இருக்கும்.

வீட்டில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முக்கால்வாசி குடும்ப வீடியோதான். அப்பாவும் சின்ன மாமாவும் எடுத்தது. முதலில் விஎச்எஸ், பிறகு மினிடிவி ஹேண்டிகேம், நடுவில் கல்யாண வீடுகளில் ஸ்டூடியோக்காரர்கள் போட்டுக் கொடுத்த டிவிடி, 2012-க்கு மேல் எல்லாமே செல்போன். கேசட்டுகளையும் டிஜிட்டலாக மாற்றி டிஸ்க்கில் ஏற்றியாகிவிட்டது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு போட்டு, வீட்டு வீடியோக்களை டிவியில் காட்டும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை ஓட்டுகிறேன், ஹால் டிவியில் அதன் ஆப் இருக்கிறது. படம் ஓடுவதில் ஒரு குறையும் கிடையாது. தேடி எடுப்பதுதான் பாடு.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் காபி குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், "எதிர்சேவையைப் போடு", "அலங்காநல்லூர்ல மாமா கேலரியில நின்னு எடுத்தானே, அதைப் போடு", "ஆத்தா வர்றதா பார்த்துப் போடு" என்பார். ஒரு நாள்கூட தேதி சொல்லிக் கேட்டதில்லை. டிஸ்க்கிலோ தேதியும் நம்பரும்தான் இருக்கின்றன. எம்விஐ 0023, எம்விஐ 0024 என்று வரிசையாக நிற்கும். டிவிடியில் இருந்து வந்ததெல்லாம் விடிஎஸ் 01 1, விடிஎஸ் 01 2. எந்தக் கல்யாணம் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு மினிடிவி கேசட்டின் முதுகில் அப்பா பால்பாயிண்ட் பேனாவில் "சின்னவ சடங்கு பாதி, அதுக்கு மேல அழகர்" என்று எழுதி வைத்திருக்கிறார். டிஸ்க்கில் அது ஒரே ஃபைல்.

டிவியின் முதல் திரையில் தொகுப்புகள் வர வேண்டும் என்று ஆசை. மதுரைச் சித்திரைத் திருவிழா, அதற்குள் திருக்கல்யாணம், தேர், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அவர் வைகை ஆற்றில் இறங்குவது. ஜல்லிக்கட்டு தனியாக. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அங்கே நடக்கும் சாமி கும்பிடு தனியாக. கல்யாணம், காதுகுத்து, சடங்கு. ஆத்தா இருக்கும் வீடியோ எல்லாம் ஒரே இடத்தில். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன்னால் நடந்த காதுகுத்து, காதுகுத்திலும் வர வேண்டும், ஆத்தாவிலும் வர வேண்டும். இனிமேல் போனில் எடுப்பதும் தானாக அதனதன் இடத்தில் போய் உட்கார வேண்டும். கையால் பிரித்தால் என் ஆயுசுக்கும் முடியாது.

படித்துப் பார்த்த வழிகாட்டி எல்லாம் சினிமாவுக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். நடிகர், இயக்குநர், வெளியான வருசம் எல்லாம் இணையத்தில் இருந்து தானாக வந்துவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டு வீடியோவுக்கு இணையத்தில் என்ன இருக்கும்? ஏப்ரல், மே முழுக்கச் சித்திரைத் திருவிழா என்று விதி போட்டால், பிள்ளைகள் லீவுக்குக் கொடைக்கானல் போனதும் அதற்குள் வந்து விழும். யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

கூடல்நகர் எழுதியது:

ஜெல்லிஃபினைப் போன்ற ப்ளெக்ஸ் மென்பொருளுக்கு மாறினால் பாதி வேலை குறையும் சார். அதில் ஸ்மார்ட் கலெக்ஷன் உள்ளேயே இருக்கிறது. ஒரு லேபிளை வடிகட்டிச் சேமித்துவிட்டால், அந்த லேபிள் விழுந்த எதுவும் தொகுப்பில் தானாகச் சேரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கொமேட்டா என்ற துணை மென்பொருள். முன்பு ப்ளெக்ஸ் மெட்டா மேனேஜர் என்ற பெயரில் இருந்தது இதுதான். யாம்ல் என்ற ஒரு எழுத்து ஃபைலில் விதிகளை எழுதி வைத்தால் ராத்திரியில் ஓடித் தொகுப்புகளைச் சரிசெய்துவிடும். என் சினிமாக்களை அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் லேபிளை யார் ஒட்டுவது என்ற உங்கள் கேள்விக்கு அதிலும் பதில் இல்லை. கொமேட்டா ஜெல்லிஃபினோடு பேசாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தல்லாகுளத்துப் பெண் எழுதியது:

அண்ணே, ஜெல்லிஃபினை மாற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் இதே வேலையை ஜெல்லிஃபினிலேயே செய்து வைத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. மெஷினுக்குத் தேதி தெரியும், விசேஷம் தெரியாது. எந்தத் தேதி எந்த விசேஷம் என்ற அட்டவணையை நாம் எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

முதலில் எடுத்த தேதியைச் சரியாகக் கறக்க வேண்டும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் வீடியோவுக்குள் பதிந்திருக்கும் தேதியைப் படித்துச் சொல்லும். அதைத்தான் முதலில் நம்ப வேண்டும். அது இல்லையென்றால் ஃபைல் பெயரில் இருக்கும் தேதி, அதுவும் இல்லையென்றால் ஃபோல்டர் பெயர். ஃபைல் மாற்றப்பட்ட தேதியைக் கடைசியில்கூடத் தொடாதீர்கள், காப்பி செய்யும்போது அது மாறிப்போகலாம். வாட்ஸப்பில் வந்த வீடியோக்களில் உள்தேதி கழன்றுவிடும். பெயரில் இருப்பது அனுப்பிய தேதி, எடுத்த தேதி இல்லை. அவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வையுங்கள்.

இதில் ரொம்ப முக்கியமான ஒன்று இருக்கிறது. செல்போன் தன் எம்பி4 ஃபைலுக்குள் நேரத்தை உலக நேரத்தில் எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பகலில் எடுத்ததற்கு இது தெரியவே தெரியாது. ஆனால் அழகர் விசேஷம் நடப்பதே ராத்திரியிலும் விடியற்காலையிலும்தானே! 2024-இல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. அன்று அதிகாலை நாலரைக்குத் தல்லாகுளத்தில் நின்று எடுத்த வீடியோவுக்குள் ஏப்ரல் 22, ராத்திரி 11 மணி என்று இருக்கும். அப்படியே விட்டால் அது எதிர்சேவையில் போய் உட்காரும். போன் வீடியோவுக்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டச் சொல்லுங்கள், எக்ஸிஃப்டூலிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஹேண்டிகேம் உள்ளூர் நேரத்தையே எழுதும், அதற்குக் கூட்டக் கூடாது.

அடுத்தது அட்டவணை. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவார், முதல் நாள் எதிர்சேவை. இது எந்த வருசமும் மாறாது. அதை வைத்துத் திருக்கல்யாணத்தை "இரண்டு நாள் முன்னால்" என்று கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். 2024-இல் திருக்கல்யாணம் ஏப்ரல் 21, தேர் 22, ஆற்றில் இறங்கியது 23. 2023-இல் மே 2, 3, 5. 2025-இல் மே 8, 9, 12. இடைவெளி இரண்டு நாள், மூன்று நாள், நான்கு நாள் என்று ஆகிறது பாருங்கள். அதனால் ஒவ்வொரு வருசத்துக்கும் நான்கு தேதியையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். 2020, 2021 இரண்டு வருசமும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. அந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

2019, 2022, 2024 போல சில வருசம் தேரும் எதிர்சேவையும் ஒரே நாளில் விழும். தேதியை மட்டும் வைத்து அங்கே பிரிக்க முடியாது. நான் ஆற்றைக் கோடாக வைத்துக்கொண்டேன். தேர் ஓடுவது மாசி வீதிகளில், வைகைக்குத் தெற்கே. எதிர்சேவை நடப்பது மூன்றுமாவடியில், வைகைக்கு வடக்கே. போனில் லொகேஷன் போட்டு எடுத்திருந்தால் வீடியோவுக்குள்ளேயே அட்சரேகை இருக்கும். கூகுள் மேப்பில் வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலத்தை அழுத்திப் பிடித்தால் வருகிற அட்சரேகையை எல்லையாக வையுங்கள். அதற்கு மேலே இருந்தால் எதிர்சேவை, கீழே இருந்தால் தேர். லொகேஷன் இல்லாத பழைய கேசட்டுக்கு இரண்டு பெயரையும் போட்டு வைத்தால் அப்பா பார்த்துச் சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் ஒரு சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட் செய்கிறது. தேதியைப் பார்க்கும், அட்டவணையில் தேடும், வீடியோவின் பெயரிலேயே பக்கத்தில் என்எஃப்ஓ என்ற ஒரு விவர ஃபைல் எழுதும். அதற்குள் தலைப்பு, தேதி, டேக்குகள். வீடியோவைத் தொடவே தொடாது, அதனால் பயமில்லை. ஜெல்லிஃபினில் அந்த ஃபோல்டரை சினிமா வகை நூலகமாகச் சேர்த்து, இணையத்தில் இருந்து விவரம் இறக்குவதை முழுக்க அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சித்தப்பா கல்யாணத்துக்கு ஏதோ ஒரு சினிமா போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். என்எஃப்ஓவில் "செட்" என்று எழுதினாலும் தொகுப்பு உருவாகும்தான், ஆனால் ஒரு வீடியோ ஒரு செட்டில்தான் இருக்க முடியும். உங்களுக்குக் காதுகுத்திலும் வேண்டும், ஆத்தாவிலும் வேண்டும். அதனால் தொகுப்பை ஜெல்லிஃபினின் ஏபிஐ (வேறு நிரல்கள் அதோடு பேசும் வழி) மூலமாக ஸ்கிரிப்ட்டே உருவாக்கட்டும், எத்தனை தொகுப்பில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் தானாக ஓடும்படி க்ரான் போட்டுவிடுங்கள். போனில் இருந்து புதிதாக எடுப்பதை சின்க்திங் என்ற மென்பொருள் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

சடங்கும் அழகரும் ஒட்டிக் கிடக்கிற கேசட் உங்களிடம் இன்னும் இருந்தால், ஃபயர்வயர் கேபிள் வழியாக டிவிகிராப் என்ற மென்பொருளை வைத்து மறுபடி இறக்குங்கள். மினிடிவியில் ஒவ்வொரு ஃப்ரேமோடும் எடுத்த தேதி, நேரம் பதிந்திருக்கும். நேரம் தாவுகிற இடத்தில் அதுவே வெட்டித் தனி ஃபைலாகத் தரும். ஒரு மணி நேர கேசட் ஏறக்குறைய 13 ஜிபி வரும், இடம் பார்த்துக்கொள்ளுங்கள். விஎச்எஸ்ஸில் அப்படி எதுவும் பதியாது. அதை லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் கையால்தான் வெட்ட வேண்டும்.

வில்லாபுரத்துக்காரன் எழுதியது:

தங்கச்சி, ஆற்றைக் கோடாக வைத்தது எனக்குத் தோன்றவே தோன்றாது. ரொம்ப நன்றிம்மா. இன்றைக்கே எக்ஸிஃப்டூல் ஓட்டிப் பார்த்தேன். போன் வீடியோ எல்லாவற்றிலும் தேதி நல்லபடியாக வருகிறது. ஆனால் மினிடிவியில் ஒரு கட்டு முழுக்க 2000 ஜனவரி 1 என்கிறது. அதில் என் கல்யாணமும் இருக்கிறது, நடந்தது அதற்கு எத்தனையோ வருசம் கழித்து. ஊர்ச் சாமி கும்பிடுக்கு என்ன அட்டவணை எழுதுவது? பெரியவர்கள் கூடிப் பேசி நாள் குறிப்பதுதான் வழக்கம், எந்தக் காலண்டரிலும் இருக்காது. ஆத்தாவை எப்படிப் பிடிப்பது? அவர் போன பிறகு அப்பா அடிக்கடி கேட்பது அதைத்தான்.

மேலக்கால் ரோடு எழுதியது:

2000 ஜனவரி 1 என்றால் கேமராவுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து கடிகாரம் முதலில் இருந்து ஓடியிருக்கிறது. அந்தத் தேதி வந்தால் "தேதி இல்லை" என்று எடுத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தேதிக்கு வீட்டு மொய் நோட்டை எடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் கண்டுபிடித்தோம். முதல் பக்கத்தில் என்ன விசேஷம், யாருக்கு, எந்தத் தேதி, எந்த மண்டபம் என்று மஞ்சள் தடவி எழுதியிருக்கும். நம் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் நோட்டு இருக்கும், யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். அதை அட்டவணையில் ஏற்றினால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு மூன்றும் முடிந்தது. சாமி கும்பிடுக்கு ஊரில் வரி போட்ட கணக்கு நோட்டு யாரிடமாவது இருக்கும், விசாரியுங்கள்.

தல்லாகுளத்துப் பெண் எழுதியது:

மொய் நோட்டு அருமையான யோசனை, என் அட்டவணைக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, ஆத்தாவுக்கு முகம் கண்டுபிடிக்கிற மென்பொருளை நம்ப வேண்டாம். விஎச்எஸ் படத்தில், முக்காட்டோடு பந்தியில் உட்கார்ந்திருப்பவரை அது பிடிக்காது. அப்பா பிடிப்பார். ஜெல்லிஃபினில் "ஆத்தா" என்ற பெயரில் ஒரு பயனர் கணக்கு திறந்து டிவியில் அதிலேயே நுழைந்து வையுங்கள். வீடியோ ஓடும்போது ஆத்தா வந்தால் திரையில் இருக்கும் "பிடித்தவை" இதயக் குறியை அப்பா ரிமோட்டால் அழுத்தினால் போதும். பிடித்தவை பட்டியல் கணக்குக்குக் கணக்கு தனியாக இருக்கும். ராத்திரி ஸ்கிரிப்ட் அந்தக் கணக்கின் பட்டியலைப் படித்து எல்லாவற்றிலும் "ஆத்தா" டேக் போட்டுவிடும். இதை இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். மற்றதெல்லாம் ஆறு மாதம் கழித்தும் செய்யலாம். பழைய கூட்டத்தில் யார் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல அப்பாவை விட்டால் ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்கிற மற்ற பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜல்லிக்கட்டுக்கு ஒரு குறிப்பு. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜனவரியில் மூன்று நாளுக்கு விதி போட்டுவிடலாம். 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை வந்ததால் 2015, 2016 இரண்டும் காலி. 2017-இல் போராட்டத்துக்குப் பிறகு அலங்காநல்லூரில் வாடி திறந்தது பிப்ரவரி 10. ஜனவரி விதியில் அது விட்டுப்போகும், தனி வரியாக எழுதுங்கள். அந்த வருசத்து வீடியோதான் உங்கள் மாமா கேலரியில் நின்று எடுத்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன், அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

வில்லாபுரத்துக்காரன் எழுதியது:

கேட்டேன். அதேதான் என்றார். பிப்ரவரி 10-ஐ எழுதியாச்சு. "ஆத்தா" கணக்கும் திறந்தாச்சு, அப்பா இதுவரை மூன்று கல்யாணத்தில் இதயத்தை அழுத்தியிருக்கிறார். அட்டவணையை 2010-இல் இருந்து நிரப்பிக்கொண்டு வருகிறேன். முடிந்ததும் இங்கேயே போடுகிறேன், மதுரைக்காரர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய வருசங்களின் திருக்கல்யாணத் தேதி, தேர்த் தேதி யாரிடமாவது பழைய பத்திரிகையிலோ தினசரிக் காலண்டரிலோ இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.